உருக்கு முதல் டைட்டேனியம் வரை: கூர்முனை தேய்ந்த வரலாறு

ஊவா மாகாணத்திலே, பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் அமைந்தவை பூனாகலைத் தோட்டங்கள். அங்கே கவ்வாத்துக் காலம் வந்ததும் முதலில் தேடப்படும் பொருள் தீட்டுக்கல் ஆகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டித் தாழ்த்தி, புதுத் தளிர் எழச் செய்வதே கவ்வாத்து. கூரிய கத்தி ஒரே வீச்சில் கிளையைச் சரிவாக அறுக்கும். வெட்டுவாய் வழுவழுப்பாக இருக்கும். மழைநீர் தங்காது வழிந்தோடும். நாளடைவிற் பட்டை வளர்ந்து புண்ணை மூடும். மழுங்கிய கத்தியோ அறுப்பதில்லை, பிளக்கிறது. பட்டை கிழிகிறது, நார் நாராகப் பிரிந்த மரத்தில் ஈரம் தங்குகிறது, பூசணம் உட்புகுகிறது, கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கி உலர்ந்து, ஈற்றிற் செடியே நலிகிறது. கத்தி மழுங்கியது ஒரு நாட் காலையில். அதன் பயனைச் செடி அனுபவிப்பதோ பல ஆண்டுகள்.

கருவியின் கூர் எத்தகையதோ, வெட்டுண்ட பரப்பும் அத்தகையதே என்னும் இவ்வுண்மை தேயிலை மலைக்கு மட்டும் உரியதன்று. இரும்பைக் கடையும் பட்டறையிலும், வானூர்தி யந்திரத்துக்கு உறுப்புச் செய்யும் ஆலையிலும், முறிந்த எலும்புக்கு மாற்று உறுப்பு ஆக்கும் கூடத்திலும் அதுவே சட்டம். மனிதன் புதியதோர் உலோகத்தைக் கண்டறிந்தபோதெல்லாம் பழைய கருவி அதன்முன் தேய்ந்து தோற்றது. தோற்ற கருவியைத் திருத்திய பின்னரே அவ்வுலோகம் அவன் வசப்பட்டது. அந்த வரலாற்றின் தொடக்க அதிகாரங்களுள் ஒன்று பூனாகலை மலைத்தொடரின் அடிவாரத்திற்கு அண்மையிலேயே எழுதப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவு அப்புத்தளையில் செங்குத்தாக இறங்குகிறது. அதற்குக் கீழே தென்மேற்குத் திசையில் பலாங்கொடையை ஒட்டிச் சமனலவெவ நீர்த்தேக்கம் கிடக்கிறது. 1992 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அந்நீர்மின் திட்டத்திற்காக நிலத்தை நீரில் மூழ்கடிக்குமுன் தொல்பொருள் ஆய்வு நிகழ்த்தப்பட்டது. அவ்வாய்வில் ஈடுபட்ட கில் ஜூலெப் என்னும் பிரித்தானிய அறிஞர், மேற்குத் திசையை நோக்கிய மேட்டுச் சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்புலைகளின் எச்சங்களைக் கண்டார். அவை பெரும்பாலும் கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அவற்றுக்குத் துருத்தி இல்லை. ஆண்டுதோறும் ஆனி முதல் ஆவணி வரை ஓயாது வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாக உதவியது. காற்றை எதிர்நோக்கி நீண்ட களிமண் சுவரொன்றை எழுப்பி, அதன் அடியிற் குழாய்களைப் பதித்து, உலையின் வெப்பத்தைக் காற்றினாலேயே ஓங்கச் செய்தனர் அக்காலக் கொல்லர்.

இவ்வாறு காற்றினால் நல்ல இரும்பு உருகிப் பிரியுமா என்று ஐயுற்றோர் பலர். 1994 ஆம் ஆண்டில் ஜூலெப் குழுவினர் அதே இடத்தில், அதே முறையில் உலை அமைத்து, பருவக்காற்றிலேயே தாதுவை உருக்கிக் காட்டினர். கிடைத்தது வெறும் இரும்பு மாத்திரமன்று. காபன் மிகுந்த உருக்கும் அதில் இருந்தது. 1996 இல் இவ்வாராய்ச்சி 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியானபோது உலகறிஞர் வியந்தனர். 9 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரண்தீபத்து உருக்கைக் குறிப்பிட்டமை வெறும் புகழுரை அன்று என்பதும் தெளிவாயிற்று. சரண்தீபம் என்பது அரபியர் இலங்கைக்கு இட்ட பெயராகும்.

காபன் மிகுந்த உருக்கு ஏன் மதிக்கப்பட்டது? மென்மையான இரும்பிற் செய்த கத்தி எளிதில் வளையும், விரைவில் மழுங்கும். ஏற்ற அளவிற் காபன் கலந்த உருக்கை நெருப்பிலிட்டுத் திடீரெனக் குளிர்வித்தால் அது கடினமாகிக் கூரை நெடுநேரம் காத்துக்கொள்ளும். ஆகவே அக்காலக் கொல்லன் விற்றது இரும்பின் நிறையை அன்று. தேய்வை எதிர்க்கும் ஆற்றலையே விற்றான். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறையை நடத்திய ஆனந்த குமாரசுவாமி, சபரகமுவ மாகாணத்தில் எஞ்சியிருந்த இரும்பு, உருக்குத் தொழிலை நேரிற் கண்டு, 1908 இல் வெளிவந்த தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலிலும் விவரித்தார். அவர் காலத்திலேயே அத்தொழில் அணையும் விளக்காக இருந்தது.

கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் இத்தகைய உருக்கு உண்டாக்கப்பட்டது. களிமண் மூசையில் இரும்பையும் காபன் தரும் மரப்பொருள்களையும் இட்டு மூடி, நெடுநேரம் காய்ச்சி எடுக்கும் அவ்வுருக்கை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றனர். ஊவாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்து சேர்ந்த திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுள் சேலம், இரும்புத் தாதுக்கும் உருக்குக்கும் பெயர் பெற்றது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அத்தாதுவைக் கொண்டு பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அவரே பின்னர் இங்கிலாந்து சென்று, உருக்கிற் மங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839 இற் காப்புரிமை பெற்றார்.

அதற்கு முன்னரே இலண்டனில், கத்தி செய்வதில் வல்லவராகிய ஸ்டோடார்ட் என்பவரும் இளம் விஞ்ஞானியாகிய மைக்கேல் பரடேயும் கூடி வூட்ஸ் உருக்கை ஆராய்ந்தனர். 1819 முதல் சில ஆண்டுகள் அவர்கள் உருக்குடன் வெவ்வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தனர். கீழைநாட்டுக் கத்தியின் கூர் ஏன் நிலைக்கிறது என்ற வினாவே கலப்புருக்கு ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 1868 இல் இங்கிலாந்தின் ராபர்ட் மஷெட், டங்ஸ்தன் கலந்த உருக்கினால் வெட்டுக்கருவி செய்யலாமெனக் கண்டார். நீரில் அமிழ்த்தாமலே காற்றிற் குளிர்ந்து கடினமாகும் இயல்பு அதற்கு இருந்தது.

மஷெட் தமது உருக்கைக் கண்ட அக்காலத்திலேதான் இலங்கை மலைநாட்டின் முகமும் மாறத் தொடங்கியது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வாணிக அளவில் தேயிலை பயிரிட்டார். 1869 இற் கோப்பிச் செடியிற் கண்ட இலைநோய் அப்பயிரை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. முதலிற் கையாற் சுருட்டப்பட்ட கொழுந்து, விரைவில் யந்திரத்தாற் சுருட்டப்படலாயிற்று. இரயில் பாதை 1894 இற் பண்டாரவளையை எட்டியது. 1924 இற் பதுளையை அடைந்தது. பாதையோடு கொழுந்து உருட்டும் யந்திரமும், உலர்த்தும் யந்திரமும், அவற்றைச் சுழற்றும் தண்டுகளும் தாங்கிகளும் மலையேறின. தண்டு தேய்ந்தாற் கடைந்து சீராக்க வேண்டும்; தாங்கியின் உட்புறம் கரடுமுரடாயின் எண்ணெய் நில்லாது, சூடேறி இறுகும். அப்போது ஆலை நிற்கும். வாடிய கொழுந்து காத்திராது பழுதாகும். கடைசல் யந்திரத்தின் உளிமுனை சிறிது மழுங்கினாலும் அதன் விளைவு தேநீர்க் கிண்ணம் வரை சென்று சேரும்.

உளி எப்போது மழுங்கும் என்பதை அக்காலத் தொழிலாளர் ஓசையாலும், சீவலின் நிறத்தாலும், கைப்பழக்கத்தாலும் அறிந்தனர். அதனை எண்ணாலும் அளவாலும் அறிய முற்பட்டவர் மற்றொரு டெய்லர். அமெரிக்கராகிய பிரெடெரிக் டெய்லர் 1880 இல் தொடங்கி 26 ஆண்டுகள் இவ்வொரு பொருளையே ஆராய்ந்தார். இருவகை இரும்பிலும் உருக்கிலுமாக ஏறக்குறைய 8 இலட்சம் இறாத்தல் உலோகம் அவருடைய சோதனைகளிற் சீவலாக உதிர்ந்தது. 1906 இல் அமெரிக்கப் பொறியியலாளர் கழகத்தின் முன் அவர் படித்த கட்டுரை ஒரு நூலளவு நீண்டது. வெட்டும் வேகம் சிறிது கூடினாலும் கருவியின் ஆயுள் பெரிதும் குறைகிறது என்பதையும், அவ்விரண்டுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதலாம் என்பதையும் அவர் காட்டினார். நூற்றாண்டு கடந்தும் அச்சமன்பாடு தொழினுட்பக் கல்லூரிகளிற் கற்பிக்கப்படுகிறது.

டெய்லரும் அவருடைய துணைவர் வைட்டும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், டங்ஸ்தனும் குரோமியமும் கலந்த உருக்கை உருகுநிலைக்கு அண்மை வரை காய்ச்சிக் குளிர்வித்துப் புதுக் கருவி ஆக்கினர். 1900 இல் பாரிசு மாநகரிற் கூடிய உலகக் கண்காட்சியில் அதனை இயக்கிக் காட்டியபோது, உளிமுனை செந்நிறமாகக் கனன்றது. ஆயினும் கூர் கெடாமல் வெட்டிக்கொண்டிருந்தது. அதற்கு 'உயர்வேக உருக்கு' என்று பெயர் வழங்கிற்று. அடுத்து 1923 இல் ஜேர்மனியின் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்தன் காபைட் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்து அழுத்திச் சூடேற்றி இறுக்கும் முறைக்கு வழிகண்டார். அப்பொருள் 'விடியா' என்ற பெயரோடு 1927 இற் சந்தைக்கு வந்தது. வைரம் போன்றது என்னும் ஜேர்மன் மொழித் தொடரின் சுருக்கமே அப்பெயர். உருக்கின் வரலாற்றிற் கருவி இவ்வாறு வெற்றி பெற்றது என்றே அன்று பலரும் எண்ணினர்.

ஆனால் மற்றோர் உலோகம் கருமணலிற் காத்திருந்தது. 1791 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் கடற்புறத்தில் மதகுருவாக இருந்த வில்லியம் கிரெகர், ஓடைக் கருமணலில் அதுவரை அறியப்படாத ஒரு மூலகம் இருப்பதாகக் கண்டார். 1795 இல் ஜேர்மன் இரசாயன அறிஞர் கிளப்ரொத் அம்மூலகத்திற்குக் கிரேக்கப் புராணத்து அசுரர் பெயரைத் தழுவி டைட்டேனியம் என்று பெயரிட்டார். எனினும் தூய உலோகமாக அதனைப் பிரிக்க 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உயர்ந்த வெப்பத்தில் ஒட்சிசனையும் நைதரசனையும் பற்றிக்கொண்டு அது நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். லக்சம்பர்க் நாட்டைச் சேர்ந்த வில்லியம் குரோல், தாதுவைக் குளோரைட்டாக்கி, பின் ஆகன் வாயுவின் காப்பில் மகனீசியத்தாற் பிரிக்கும் முறையைக் கண்டார். 1948 முதல் அமெரிக்காவில் வாணிக அளவில் டைட்டேனியம் கிடைக்கலாயிற்று. நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் கலந்த அதன் கலப்புலோகம் 1950களின் நடுப்பகுதியிற் பிறந்தது. இன்றும் அதுவே மிகுதியாகப் பயன்படுவது.

உருக்கின் நிறையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடே கொண்டு, வலிமையில் நல்ல உருக்கை ஒத்து, உப்புநீரிலும் மனித உடலிலும் அரிக்கப்படாது நிற்கும் இவ்வுலோகம் வெட்டுக்கருவிக்கு மட்டும் பகையானது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் இதற்குச் சாதாரண உருக்கின் ஏழிலொரு பங்கே உண்டு. உருக்கைக் கடையும்போது எழும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவல் சுமந்து செல்லும். டைட்டேனியத்திலோ அவ்வெப்பம் கருவியின் நுனியிலேயே தங்கும். இரண்டாவது, சூடேறிய டைட்டேனியம் தன்னைத் தொட்ட பொருளோடு ஒட்டவும் கூடவும் விரையும். சீவல் கருவியின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, பின்பு பெயரும்போது கருவியின் துணுக்குகளையும் பறித்துச் செல்லும். கருவியிலுள்ள காபனும் கோபால்ட்டும் சீவலுக்குள் ஊடுருவி, கருவியின் முகத்தைக் குழியாக்கும். மூன்றாவது, உருக்கை நோக்க இது இருமடங்கு எளிதில் வளைந்துகொடுக்கும். வெட்டும் நுனிக்கு அஞ்சியதுபோல் விலகி, பின் திரும்பி வந்து கருவியின் அடிப்புறத்தைத் தேய்க்கும். ஆதலால் வலிய காபைட் கருவியைக் கொண்டும் நிமிடத்துக்கு 60 மீற்றர் வேகத்தைத் தாண்டப் பட்டறையாளர் தயங்குவர்.

1960களின் தொடக்கத்தில், ஒலியினும் மும்மடங்கு விரைந்து பறக்கும் உளவு விமானத்தை லொக்ஹீட் நிறுவனம் அமெரிக்காவில் ஆக்கியது. அத்தகைய வேகத்தில் எழும் வெப்பத்தை அலுமினியம் தாங்காது. விமானத்தின் பெரும்பகுதியை டைட்டேனியத்தினாலேயே செய்ய வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ஒரு துளைக்கருவி 17 துளைகளோடு அழிந்தது. முனையின் கோணம், உருக்கின் வகை, குளிர்விக்கும் திரவம் ஆகிய ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதித்து, 100 துளைகள் இட்ட பின்னரும் சாணை பிடித்து மீண்டும் பயன்படுத்தத்தக்க கருவியை அவர்கள் ஆக்கினர். கட்மியம் பூசிய திருகுசாவியாற் பூட்டிய மரைகளின் தலைகள் வெப்பத்திற் கழன்று விழுந்தன. கோடையிற் செய்த ஒட்டுகள் மட்டும் விரைவிற் பழுதாயின. நகர்க் குடிநீரிற் கோடைக்காலத்திற் கூட்டிய குளோரினே காரணமென அவர்கள் கண்டறிந்தனர். எதையும் அளந்து குறித்து வைத்திருந்தமையினாலேயே இத்தகைய மறைவான காரணங்கள் வெளிப்பட்டன.

கூர்முனையின் தேய்வு பட்டறையின் செலவுக் கணக்கோடு முடிந்துவிடும் செய்தியாயின், இவ்வரலாறு பொதுமக்களுக்கு உரியதன்று. அது உயிரோடும் தொடர்புடையது என்பதை 1996 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் திகதி உலகம் கண்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா விமான நிலையத்தில், ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்த பயணிகள் விமானமொன்றின் யந்திரம் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்து உட்புகுந்தன. ஒரு தாயும் அவருடைய மகனும் உயிரிழந்தனர். ஆராய்ந்தோர் கண்டது இது: யந்திரத்தின் முன்விசிறியைத் தாங்கும் டைட்டேனியக் குடத்தில், பல ஆண்டுகளுக்கு முன் ஆலையில் துளையிட்டபோது ஒரு துளையில் மட்டும் வெப்பம் மிஞ்சியிருந்தது. குளிர்விக்கும் திரவம் அவ்விடத்தை எட்டவில்லை, சீவல் அடைத்துக்கொண்டது. துளைச்சுவரின் மிக மெல்லிய படையொன்று கடினமாகி நொறுங்கும் தன்மை அடைந்தது. அப்படையில் முளைத்த விரிசல், பறப்புக்குப் பறப்பு வளர்ந்து குடத்தைப் பிளந்தது.

அக்குடம் பணிக்குச் செல்லுமுன்னும், பணியிலிருந்து இறக்கிப் பரிசோதிக்கப்பட்டபோதும் குறை அகப்படவில்லை. வளர்ந்துவிட்ட விரிசலைப் பராமரிப்பின்போது கண்டுபிடிக்கத் தவறியமையையே விசாரணையாளர் முதன்மையாகக் குறித்தனர். அவ்விரிசலின் பிறப்பிடமோ துளைக்கருவி விட்டுச் சென்ற வடு. மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பது மட்டும் போதாது, அதன் அடியிலுள்ள படையும் கேடுறாதிருத்தல் வேண்டும் என்பதை இவ்விபத்து உணர்த்திற்று. கருவியின் பக்கத்தேய்வு சராசரியாக 0.3 மில்லிமீற்றரை எட்டியதும் அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்ளல் வேண்டுமெனக் கடைசற் சோதனைகளுக்கான உலகத் தர விதி கூறுகிறது. தலைமயிர் சிலவற்றின் தடிப்பே உள்ள அச்சிறு அளவை மதிப்பதிலும் மதியாமையிலும் மனித உயிர் தங்கியிருத்தல் கூடும்.

அண்மைக்காலத்தில் இவ்வரலாற்றில் புதியதோர் அதிகாரம் தொடங்கியுள்ளது. பழைய முறையில் விமான உறுப்பொன்றைச் செய்வதற்கு வாங்கிய டைட்டேனியக் கட்டியிற் பெரும்பகுதி சீவலாகக் கழிந்துவிடும். அக்கழிவைத் தவிர்க்க, உலோகத் தூளைப் படை படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் ஒளியாலோ இலத்திரன் கற்றையாலோ உருக்கி இறுக்கி, உறுப்பை அடியிலிருந்து மேல்நோக்கி வளர்க்கும் முறை தோன்றியது. ஜேர்மனியிலும் சுவீடனிலும் 1990களில் இம்முறை உலோகத்திற்கு உருப்பெற்றது. லேசர் முறையில் ஒரு படையின் தடிப்பு பெரும்பாலும் 30 முதல் 60 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். எலும்புக்கு மாற்றாக வைக்கும் உறுப்புகளை ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் ஏற்ப இவ்வாறு ஆக்க இயலும் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

இனி உளியே வேண்டியதில்லை என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் வளர்ந்து வந்த உறுப்பின் பரப்பு கரடாக இருந்தது. அரைகுறையாக உருகிய தூள் மணிகள் அதன்மேல் ஒட்டியிருந்தன. படைகளின் விளிம்புகள் படிக்கட்டுப் போல் தெரிந்தன. எலும்பு பற்றி வளரவேண்டிய இடத்தில் இக்கரடு நன்மையே. மற்றோர் உறுப்போடு பொருந்தவேண்டிய இடத்திலும், ஓயாது அசைந்து இழுவிசை தாங்கும் இடத்திலும் அது விரிசலின் விதையாகும். சராசரிக் கரடு பத்து மைக்ரோமீற்றர் அளவிலுள்ள பரப்பை ஒரு மைக்ரோமீற்றர் அளவுக்குக் கொணரக் கடைசலையும் சாணையையும் மீண்டும் நாட வேண்டியதாயிற்று.

அப்போது மற்றுமொரு தடை எதிர்ப்பட்டது. லேசர் உருக்கிய சிறுதுளி உலோகம் நொடிப்பொழுதிற் குளிர்வதால், அதன் உள்ளமைப்பு மெல்லிய ஊசிகள் பின்னிக் கிடப்பது போன்று கடினமாகிறது. கொல்லன் காய்ச்சிய உருக்கை நீரில் அமிழ்த்தியபோது நிகழ்ந்ததற்கு இஃது ஒருவகையில் ஒப்பாகும். அத்தகைய உலோகத்தை வெட்டும்போது, அடித்துருட்டிய டைட்டேனியத்தை வெட்டுவதினும் மிகுந்த விசை வேண்டியிருப்பதையும் கருவி விரைந்து தேய்வதையும் ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். உறுப்பு வளர்ந்த திசையை ஒட்டி அதன் உள்மணிகளும் நீண்டு வளர்வதால், எத்திசையில் வெட்டுகிறோம் என்பதும் தேய்வை மாற்றுகிறது. வெப்பமான சூழலில் இலத்திரன் கற்றையால் ஆக்கியதும், லேசரால் ஆக்கியதும், ஆக்கிய பின் உலையிலிட்டுப் பதப்படுத்தியதும் பெயரளவில் ஒரே கலப்புலோகமாயினும் உளியின் முன் வெவ்வேறு பொருள்களாகவே நடந்துகொள்கின்றன.

இதற்கு மாற்றுத் தேடியோருள் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர் குறிப்பிடத்தக்கவர். 2015 ஆம் ஆண்டளவில் அவர்கள், இலத்திரன் கற்றையால் ஆக்கிய டைட்டேனியத்தை உலர்ந்த நிலையிலும், சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுடைய திரவ நைதரசனை வெட்டுவாயிற் பாய்ச்சியும் கடைந்து ஒப்பிட்டனர். உலர்ந்த நிலையில் உலோகம் கருவியோடு ஒட்டுவதே தேய்வின் தலையாய காரணமாயிருந்தது. குளிர்வித்தபோது அவ்வொட்டல் குறைந்து, கருவியின் ஆயுளும் பரப்பின் தரமும் உயர்ந்தன. நைதரசன் ஆவியாகி மறைவதால், மருத்துவ உறுப்பின்மேல் எண்ணெய்ப் பசை எஞ்சுவதில்லை என்பது மேலதிக நன்மை. காற்றைக் கொண்டு உலையை வெப்பமாக்கியவர் சமனலவெவக் கொல்லர். அக்காற்றின் பெருங்கூறாகிய நைதரசனைத் திரவமாக்கி உளியைக் குளிரச் செய்தவர் இக்காலத்தவர்.

இவ்வளவு பேசப்படும் டைட்டேனியத்தின் தாது இலங்கைக்கு அயலானதன்று. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கிடக்கும் கருமணல், இல்மனைட் என்னும் டைட்டேனியத் தாதுவிலும் உரூற்றைலிலும் செறிந்தது. உலகின் வளமிக்க கரைமணற் படிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதனை எடுப்பதற்கு 1957 இல் அரசாங்கக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஆயினும் அம்மணலிற் பெரும்பகுதி இன்றுவரை பிரித்த கனிமமாகவே கப்பலேறுகிறது. உலகில் எடுக்கப்படும் டைட்டேனியத் தாதுவின் மிகப் பெரும்பங்கு உலோகமாவதுமில்லை. வெள்ளைப் பூச்சுகளுக்கு நிறமூட்டும் தூளாகவே செலவாகிறது. அயல்நாடாகிய இந்தியாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி முதல் கேரளத்துச் சவரை வரை இத்தகைய மணல் உண்டு. சவரையில் 2011 ஆம் ஆண்டு, ஐதராபாத்திலுள்ள பாதுகாப்புத்துறை உலோக ஆய்வுகூடம் வகுத்த முறைப்படி, விண்வெளித்துறையின் தேவைக்காக ஆண்டுக்கு 500 தொன் டைட்டேனியப் பஞ்சு ஆக்கும் ஆலை திறக்கப்பட்டது. மணலிலிருந்து உலோகத்திற்கு ஏறும் படி எத்துணை உயரமானது என்பதற்கு, வளம் நிறைந்த அந்நாடே அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டமை சான்றாகும்.

தாது உள்ள நாடு செல்வ நாடு என்பது பாதி உண்மையே. தாதுவை உலோகமாக்கும் உலையறிவும், உலோகத்தை உறுப்பாக்கும் கூர்முனையறிவும் சேர்ந்தாலன்றி மற்றைப் பாதி நிறைவுறாது. அவ்வறிவு திடீரென வாங்கத்தக்க பண்டமன்று. இருபத்தாறு ஆண்டுகள் சீவலை நிறுத்து எண்ணிய டெய்லரைப் போலவும், ஒவ்வொரு துளையையும் குறித்து வைத்த விமானத் தொழிலாளரைப் போலவும், தேய்வை மறைக்காமல் அளந்து எழுதும் பழக்கத்தினால் மட்டுமே அது வளர்வது. பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திற் கனிம வளமும் தொழினுட்பமும் ஒரு பாடநெறியாகக் கற்பிக்கப்படுகின்றன. தோட்டத் தொழிற்சாலைகளின் பட்டறைகளிலோ, தேய்ந்த தண்டைத் தடவிப் பார்த்தே குறையை அறியும் அனுபவம் தலைமுறைகளாகத் திரண்டுள்ளது. அளவை அறிந்த மாணவரும் கையறிவு மிக்க தொழிலாளரும் ஒரே கடைசல் யந்திரத்தின் முன் கூடும் நாளில், அவ்விரு அறிவும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மலைகளின் அடிவாரத்திலிருந்து புறநாடு சென்ற பொருள் கல்லும் மணலும் அன்று. கல்லைக் காற்றினால் உருக்கி, காபனை ஏற்ற அளவிற் கூட்டி, கூர் கெடாத உருக்காக்கி அனுப்பினர் அக்காலத்தவர். அதனாலேயே சரண்தீபம் என்னும் பெயர் வாளின் கூரோடு சேர்த்துப் பேசப்பட்டது. அவர்களிடம் இருந்தவை பருவக்காற்றும் களிமண்ணும் பொறுமையுமே.